தலைக்கணக்கில் வரும் பணம்: டெல்டாவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு என்ன நேர்கிறது

ஒவ்வொரு மே மாதமும் தேர்வு முடிவு வந்த கையோடு மாவட்ட வரிசைப் பட்டியலும் வந்துவிடுகிறது. மாணவர்களில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது. பிள்ளைகளின் மனநலத்துக்கு அது நல்ல முடிவு. ஆனால் மாவட்டங்களை வரிசைப்படுத்துவது நிற்கவில்லை. அந்த வரிசையில் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மூன்றும் அடிக்கடி கீழ்ப்பாதியில் தென்பட்டிருக்கின்றன. உடனே ஆய்வுக் கூட்டம் நடக்கும். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை அழைத்து விளக்கம் கேட்பார்கள். ஊரில் ஒரு சாரார் வாத்தியார்களைக் குறை சொல்வார்கள், இன்னொரு சாரார் பிள்ளைகளின் கையில் இருக்கும் செல்போனைக் குறை சொல்வார்கள். ஜூன் பிறந்ததும் மேட்டூர் திறந்தார்களா, தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று பேச்சு மாறிவிடும்.

அந்தப் பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது, யார் தருகிறார்கள், எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. டெல்டாவின் சிறிய உயர்நிலைப் பள்ளிகளைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு முன்னால், தேர்ச்சி விழுக்காடு என்ற எண்ணையே கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

2025இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 93.80 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 91.26. பிளஸ் டூவில் மாநிலம் 95.03, அரசுப் பள்ளிகள் 91.94. இப்படி எல்லோரும் தொண்ணூறுக்கு மேலே நெருக்கியடித்து நிற்கும்போது, ஒரு மாவட்டம் பத்து இடம் மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் ஒன்றிரண்டு விழுக்காடு போதும். சிறிய பள்ளிகளில் இந்த ஆட்டம் இன்னும் கடுமையாக இருக்கும். பத்தாம் வகுப்பில் 20 பேர் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் 5 விழுக்காடு போய்விடும். இரண்டு பேர் தவறினால் 90. போன வருடம் நூறு, இந்த வருடம் தொண்ணூறு, ஆகவே பள்ளி சரிந்துவிட்டது என்று எழுதுவார்கள். உண்மையில் அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்குத் தேர்வுக்கு முதல் வாரம் அம்மை போட்டிருக்கலாம். இருபது பேர் உள்ள வகுப்பின் ஓராண்டு விழுக்காட்டை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. எழுத வராதவர்கள் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாள் அன்று மாநிலம் முழுக்க 50,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வரவில்லை என்ற செய்தி பெரிய அதிர்ச்சியாகப் பேசப்பட்டது. முடிவு வந்தபோது விழுக்காட்டில் அவர்கள் ஒருவருமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பள்ளிகள். இரண்டிலும் ஆறாம் வகுப்பில் 40 பேர் சேர்கிறார்கள். முதல் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுவது 28 பேர், அதில் 27 பேர் தேர்ச்சி. 96 விழுக்காடு. இரண்டாவது பள்ளி யாரையும் விடாமல் இழுத்துப்பிடித்து 39 பேரைத் தேர்வு எழுத வைக்கிறது, 34 பேர் தேர்ச்சி. 87 விழுக்காடு. பாராட்டுச் சான்றிதழ் முதல் பள்ளிக்கு, விளக்கக் கடிதம் இரண்டாவது பள்ளிக்கு. ஆனால் சேர்ந்த நாற்பது பேரில் 34 பேரைக் கரைசேர்த்தது இரண்டாவது பள்ளிதான். முதல் பள்ளி 27 பேரோடு நின்றுவிட்டது. இப்படிக் கணக்கெடுக்கும் வரை, ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையை ‘டுடோரியலில் சேர்ந்துகொள்’ என்று சொல்லி அனுப்பும் பள்ளிக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை.

சிறிய மாவட்டம், கிராமப்புறம், விவசாயக் கூலிகள், அதனால்தான் பின்தங்குகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் சரியில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் அரியலூரைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,54,894. திருவாரூரை விடச் சிறியது, செழிப்பான மாவட்டமும் இல்லை. 2024இல் பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம். 2025இல் பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டுடன் முதலிடம். மேலே சொன்ன எச்சரிக்கை அரியலூருக்கும் பொருந்தும்தான். என்றாலும் ஏழை மாவட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எழுதிவைக்கப்பட்ட விதி எதுவும் இல்லை என்பதற்கு அந்த ஊர் போதும்.

டெல்டாவுக்கென்று சில சுமைகள் இருப்பதும் உண்மை. நெற்களஞ்சியம் என்ற பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் நிலம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் இனத்தவர், மாநில சராசரியான ஐந்தில் ஒருவரைவிட வெகு அதிகம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு கூலி வேலை நாட்கள் குறைந்துவிட்டன. தாய் தகப்பன் திருப்பூருக்குப் போய்விட, பிள்ளை ஆயாவிடம் இருந்து படிக்கும் வீடுகள் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் நிறைய உண்டு. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு வந்து சொல்லக்கூட ஆளில்லை. பள்ளி செய்ய வேண்டிய வேலை அங்கே பாடம் நடத்துவதோடு முடிவதில்லை. பணம் ஒதுக்கும் விதிகளில் இந்தக் கூடுதல் வேலைக்கு ஏதாவது இடமிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, பணத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஒரு சிறு கல்வி மாவட்டம் என்றால் அதற்குத் தனி வாரியம் உண்டு, சொத்து வரியிலிருந்து சொந்த வருமானம் உண்டு, கூடுதல் வரி வேண்டுமா என்று ஊர் மக்களிடம் வாக்குக் கேட்பதும் உண்டு. பணக்கார ஊருக்குப் பணக்காரப் பள்ளி என்ற அநியாயம் அதில் இருக்கிறது. நம் கல்வி மாவட்டம் வேறு மாதிரி. முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள் என்று அலுவலகம் இருக்கிறது. சொந்தமாக ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. நகராட்சிகளில் சொத்து வரியோடு கல்வி வரி வாங்குகிறார்கள். கிராம ஊராட்சியில் வீட்டு வரியோடு வருவது நூலக வரிதான். ஊர்ப்பள்ளியின் மோட்டார் எரிந்தால் ஊராட்சித் தலைவர் மனது வைத்துச் செய்யலாம், அவ்வளவுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்கு, அதாவது மாவட்ட வாரியத்துக்கு, சொந்தப் பணப்பை இருந்தது. 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ஓடத் தொடங்கிய ரயில் பாதையே ஜில்லா போர்டின் பணத்தில் போட்டதுதான். அந்த போர்டு உயர்நிலைப் பள்ளிகளையும் நடத்தியது. திருவாரூரில் கலைஞர் படித்தது அப்படியொரு போர்டு ஹைஸ்கூலில். ஜில்லா போர்டுகள் ஒழிந்த பிறகு அந்தப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதனால் ஆசிரியருக்கு அரசுச் சம்பளம், பாதுகாப்பு எல்லாம் கிடைத்தன. மிகப் பெரிய நன்மை அது. கூடவே, மாவட்டத்தில் உட்கார்ந்து இந்தப் பள்ளிக்கு இது தேவை என்று முடிவெடுத்துப் பணம் கொடுக்கும் கையும் போய்விட்டது.

இப்போது பணம் சென்னையிலிருந்து வருகிறது. 2025-26 மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். எந்தத் துறைக்கும் இது பெரிய தொகை. ஆனால் இதில் மிகப் பெரும்பகுதி சம்பளமாகப் போகிறது, அது போகவும் வேண்டும். ஆக, ஒரு பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்ற கேள்வியும் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதை முடிவு செய்வது பணியாளர் நிர்ணயம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை எடுத்து, எந்தப் பள்ளிக்கு எத்தனை பணியிடம் என்று போடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்த பள்ளியில் ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். உபரி ஆனவரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். மாநில அளவில் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஓரிடத்தில் ஒரு வகுப்பில் அறுபது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இன்னோரிடத்தில் பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

சிக்கல் எங்கே என்றால், உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் மாற்று இல்லை. ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். பாடத்துக்கு ஒருவர் வீதம் ஐந்து பட்டதாரி ஆசிரியர் இருந்தால்தான் பள்ளி ஓடும். இந்த ஐந்தில் கணக்கு வாத்தியார் ஓய்வுபெற்றுவிட்டால் 250 பேர் படித்தாலும் 90 பேர் படித்தாலும் அந்தப் பள்ளியில் கணக்குப் பாடம் நடக்காது. பெரிய பள்ளியில் ஒருவர் போனால் இன்னொருவர் இரண்டு பிரிவைச் சேர்த்து எடுத்துச் சமாளிப்பார். சின்னப் பள்ளியில் அந்த ‘இன்னொருவர்’ கிடையாது. அறிவியலுக்கு ஒரே ஆசிரியர் என்றால் அவர் விலங்கியல் படித்தவராக இருப்பார், இயற்பியலையும் அவரே எடுப்பார். டெல்டாவின் சிறு பள்ளிகளின் தேர்வு முடிவுகளை ஆண்டுவாரியாகப் பார்த்தால், எந்த ஆண்டு எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்பதை அதிலிருந்தே படித்துவிடலாம்.

காலியிடத்தை நிரப்பும் வழிகளில் முதலாவது மாற்றுப்பணி. பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஒருவர் வந்துபோவார். அப்போது பக்கத்துப் பள்ளியில் மூன்று நாள் அந்தப் பாடம் இருக்காது. அடுத்தது தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்கச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று வைத்தார்கள். பிறகு 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தினார்கள். பி.எட். முடித்த உள்ளூர்ப் பெண்கள் பலர் இந்தச் சம்பளத்தில் வந்து உழைக்கிறார்கள். அரசு உத்தரவு வராத இடங்களில் பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் கையிலிருந்து நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து ஆள் வைப்பதும் உண்டு. ஒரு பள்ளியின் கணக்குப் பாடத் தேர்ச்சி இப்படிச் சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணை நம்பி நிற்கிறது என்றால், அதை நிதிப் பிரச்சினை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள். 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்கள். இன்றுவரை நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தர் இல்லாத உயர்நிலைப் பள்ளிகளில் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவது, உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாமே ஆசிரியர்கள் தலையில்தான் விழுகின்றன. அந்த நேரத்தில் ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும்.

தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகளின் கதை தனி. நடுநிலைப் பள்ளியை உயர்நிலை ஆக்க ஊர் மக்கள் பங்களிப்பாக 1 லட்சம் ரூபாய், உயர்நிலையை மேல்நிலை ஆக்க 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. கூலி வேலை பார்க்கும் ஊரில் வீட்டுக்கு ஐந்நூறு ஆயிரம் என்று வசூலித்து, வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேரிடம் கேட்டு வாங்கி, கருவூலத்தில் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். வசதியான ஊருக்கு இது ஒரு நாள் வேலை. அரசுப் பள்ளி அதிகம் தேவைப்படும் ஊருக்குத்தான் இது மலை. நான் சொல்வேன், இந்த நிபந்தனையை அடியோடு எடுத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு வரை ஐந்து கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது 2009இலேயே இடைநிலைக் கல்வித் திட்டத்தில் எழுதிவைத்த இலக்கு. அதைக் கொடுப்பதற்கு ஊரிடம் முன்பணம் வாங்குவது எந்த வகையிலும் சரியில்லை.

கட்டணம் கட்டி, அரசாணை வந்து, பெயர்ப்பலகை மாறிய பிறகும் புதுப் பணியிடங்கள் தற்காலிகப் பணியிடங்களாகவே இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தொடர் நீட்டிப்பு ஆணை வரவேண்டும். வரும் வரை சம்பளத்துக்கு ‘பே ஆர்டர்’ என்னும் தனி ஊதிய ஆணை வேண்டும். மாதக் கடைசியில் பக்கத்துப் பள்ளியில் எல்லோருக்கும் சம்பளம் ஏறியிருக்க, இங்கே நான்கு பேர் கருவூலத்துக்கும் அலுவலகத்துக்கும் போன் செய்துகொண்டிருப்பார்கள். அடுத்த கலந்தாய்வில் அந்த நான்கு பேரும் வேறு பள்ளி தேடுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் பள்ளி மானியம். தலைமையாசிரியர் தன் கையெழுத்தில் செலவு செய்யக்கூடிய பணம் ஏறக்குறைய இது ஒன்றுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. அந்தத் திட்ட விதிப்படி 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு வைக்க வேண்டும்.

இந்த எண்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 101 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு 50,000. ஒரு பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டால் 25,000. ஒரே பிள்ளை, பாதிப் பணம். கட்டடம் அதேதான், கழிப்பறை அதேதான், ஆய்வகமும் அதேதான். 25,000இல் தூய்மைக்கு 2,500 போக மீதி 22,500. மாதத்துக்கு 1,875 ரூபாய். சாக்பீஸ், பதிவேடுகள், வினாத்தாள் நகல், பிரிண்டர் மை, குழாய் ரிப்பேர், ஒரு மின்விசிறியின் காயில், ஆய்வகத்துக்கு அமிலமும் சோதனைக் குழாயும் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தண்ணீர் மோட்டார் ஒருமுறை எரிந்தால் நான்கைந்து மாதப் பணம் போய்விடும். பெரிய பள்ளிக்கும் இந்த விதி நியாயம் செய்யவில்லை. 1,000 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு 75,000 என்றால் தலைக்கு 75 ரூபாய்தான். ஆனால் அங்கே பழைய மாணவர்கள் இருப்பார்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் இருக்கும், டவுனில் கடை வைத்திருப்பவர்கள் உதவுவார்கள். 90 பிள்ளைகள் உள்ள கிராமப் பள்ளிக்கு அந்த வாசலும் அடைத்திருக்கிறது.

எண்ணிக்கை ஏன் குறைகிறது? குழந்தைப் பிறப்பே குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதோடு மெட்ரிக் பள்ளி வேன் எல்லாத் தெருவுக்கும் வருகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் போகிறார், மானியம் குறைகிறது. ஆசிரியர் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் நாலு பெற்றோர் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. டெல்டாவின் சிறு பள்ளிகளை உள்ளிருந்து அரிப்பது இதுதான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் ஒரு தலைமையாசிரியர் தனியாக உடைக்க முடியாது.

இனி மழை. டெல்டாவில் பள்ளி நடத்துவதைப் பற்றி எழுதிவிட்டு மழையைச் சொல்லாமல் விடக்கூடாது. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்கள், அறிவிக்காவிட்டாலும் தெருவில் தண்ணீர் நின்று பிள்ளைகள் வராத நாட்கள், பள்ளியே நிவாரண முகாமாக மாறிவிடும் நாட்கள் எல்லாம் இந்த மூன்று மாதத்தில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது கூரைகள் போயின, சுற்றுச்சுவர்கள் விழுந்தன, மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அந்த வகுப்புகளை ஈடுகட்டச் சனிக்கிழமை வேலைநாள் வைப்பார்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், திருப்புதல் தேர்வு ஜனவரியில், பொதுத்தேர்வு மார்ச்சில். கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும் கோடியக்கரைப் பிள்ளைக்கும் ஒரே அட்டவணைதான். தை மாதம் அறுவடைக்கு அம்மா போய்விட்டால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள்தான் சமைத்துவைத்து, தம்பியைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள்.

மழை பணத்தையும் பாதிக்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் திட்டப் பணம் அனுமதி, ஒதுக்கீடு, விடுவிப்பு என்று பல மேசைகளைத் தாண்டி வருவதற்குள் ஆண்டின் பிற்பாதி வந்துவிடும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மேட்டு மாவட்டங்களில் அந்த ஆறு மாதமும் வேலை செய்யலாம். இங்கே முதல் மூன்று மாதம் பள்ளி மைதானத்தில் முழங்கால் தண்ணீர். மிச்சமிருக்கும் மூன்று மாதத்தில் அவசரமாகப் பூசிய சுவர் அடுத்த மழைக்குக் காரை பெயர்ந்து நிற்கும். களிமண் பூமி வேறு. கோடையில் வெடித்து, மழையில் ஊதும். அஸ்திவாரத்தை ஆழமாகப் போட்டு, தளத்தை உயர்த்திக் கட்டினால்தான் நிற்கும். அதற்கு ஆகும் கூடுதல் செலவை மதிப்பீட்டில் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பொதுப்பணித் துறை, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களை இடித்தார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த பகுதி இது. பள்ளிக் கட்டடத்தின் பாதுகாப்பில் யாரும் சமரசம் பேசவே கூடாது. ஆனால் இடித்த வேகத்தில் கட்டவில்லை என்பதும் உண்மை. பேராசிரியர் அன்பழகன் பெயரிலான திட்டத்தில் 5 ஆண்டுகளில் 7,000 கோடி என்று அறிவித்து வகுப்பறைகள் கட்டிவருகிறார்கள், நபார்டு கடனிலும் கட்டுகிறார்கள். வரிசையில் தன் பள்ளி எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவதில்லை. அதுவரை இரண்டு வகுப்புகள் மரத்தடியிலோ ஆய்வகத்திலோ நடக்கும்.

இதற்கு நடுவில்தான் ஒன்றிய அரசின் பணம் நின்றது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கு. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்ற நிலை வந்தது. மாநிலம் மறுத்தது. 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மொழிக் கொள்கையில் மாநிலத்தின் நிலைப்பாடு என்னவாக இருந்தாலும், அதற்காகப் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைப்பது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பள்ளி மானியம், பகுதிநேர ஆசிரியர் சம்பளம், மாற்றுத்திறனாளி மாணவருக்கான உதவி ஆகியவை இந்தத் திட்டத்தை நம்பியவை. பெரிய பள்ளிகள் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும். மாதம் 1,875 ரூபாயில் ஓடும் பள்ளிக்குத் தாமதமே தண்டனைதான்.

வெளிப் பணம் வராதா? சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி தொகுதி நிதி. அதில் வகுப்பறையும் சுற்றுச்சுவரும் கட்டித் தருகிறார்கள். 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக நிறுவனங்களும் பழைய மாணவர்களும் கொடுக்கலாம். ஓசூரிலும் கோவையிலும் சுற்றிலும் ஆலைகள். டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். மண்ணைக் காப்பாற்ற அந்தச் சட்டம் தேவை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் சோறு போடுவதற்காகச் சில வகைத் தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நிறுத்திவைக்கும் பகுதிக்கு, தொழிற்சாலைகள் மூலம் வந்திருக்கக்கூடிய பணத்தை அரசே ஈடுகட்ட வேண்டாமா? கல்வி நிதி ஒதுக்கீட்டில் இந்தக் கேள்வி இதுவரை இடம்பெறவில்லை.

சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கிய விழா 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையில்தான் நடந்தது. அருமையான திட்டம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காலையில் நீராகாரத்தோடு வருகிறது. மாலையில் சிறப்பு வகுப்பு ஆறு மணி வரை. அந்த நேரத்தில் கொஞ்சம் சுண்டல் கொடுக்க முடிந்த பள்ளிகளில் வருகையே வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் அதற்கும் ஆசிரியர்கள்தான் கைக்காசு போடுகிறார்கள்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மாணவர் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் உயர்நிலைப் பள்ளியில் ஐந்து பாட ஆசிரியரும் ஒரு முழுநேரத் தலைமையாசிரியரும் ஓர் எழுத்தரும் கட்டாயம் என்று வைக்க வேண்டும். காகிதத்தில் ஐந்து பணியிடம் இருந்தால் மட்டும் போதாது, ஜூலை முடிவதற்குள் ஐந்து ஆசிரியர்கள் பள்ளியில் இருக்க வேண்டும். மானியத்தில் படிக்கட்டு முறைக்குப் பதிலாக ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் ஒரு பிள்ளை போனதற்காகப் பாதிப் பணம் போகாது. பருவமழை மாவட்டங்களுக்குக் கட்டடப் பணத்தை ஏப்ரலிலேயே விடுவித்தால் கோடை விடுமுறையில் வேலை முடிந்துவிடும். தேர்ச்சிப் பட்டியலோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பை முடித்தார்கள் என்ற எண்ணையும் வெளியிட வேண்டும். தகவல் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது, எடுப்பது கஷ்டமில்லை.

இதெல்லாம் சென்னையில் முடிவாக வேண்டியவை. ஊரில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2022இல் மாற்றியமைத்தபோது பள்ளி மேலாண்மைக் குழுவில் 20 பேரில் 15 பேர் பெற்றோர், தலைவர் பெண் என்று வைத்தார்கள். கூட்டத்தில் பெரும்பாலும் கையெழுத்து வாங்குவதோடு சரி. ஆகஸ்ட் 1 கணக்கெடுப்புக்கு முன்னால், ஜூலைக் கூட்டத்தில் மூன்று விஷயத்தைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க முடியும்: எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை நாளாக இல்லை, போன ஆண்டு மானியம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்கு வராமல் போன பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள். தீர்மானத்தின் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பி ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், அதற்குப் பதிலாக அனுப்ப அந்தத் தீர்மானம் கையில் இருக்கும்.